ஐஆர்எஸ் கடிதமும் மொய் நோட்டும்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்களின் வாட்ஸாப் குழுக்களில் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது இந்தச் செய்தி வரும்: "ஐஆர்எஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்கு, யாராவது ஹெல்ப் பண்ணுங்க." ஐஆர்எஸ் என்பது அமெரிக்க மத்திய அரசின் வரித்துறை. பத்து நிமிஷத்தில் பதில்கள் குவியும். ஆடிட் வந்துவிட்டது என்பார் ஒருவர். கண்டுகொள்ளாதீர்கள், தானாகப் போய்விடும் என்பார் இன்னொருவர். கிரீன் கார்டுக்கே சிக்கல் என்று மூன்றாமவர் வயிற்றில் புளியைக் கரைப்பார். கடிதத்தின் மூலையில் என்ன எண் அச்சாகியிருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

எனக்கு முதல் நோட்டீஸ் வந்தபோது மூன்று நாள் உறையைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால், ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கியதற்குக் கிடைத்த 300 டாலர் போனஸைக் கணக்கில் காட்டவில்லை என்று எழுதியிருந்தது. போனஸுக்கு வரி உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வரியும் கொஞ்சம் வட்டியும் கட்டியதோடு விஷயம் முடிந்தது. அந்த மூன்று நாள் தூக்கம்தான் நஷ்டம்.

இந்தக் கட்டுரை அப்படி உறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு. ஐஆர்எஸ் வசூலிப்பது மத்திய வரி. மாநில வரி வேறு. அதற்கு ஒவ்வொரு மாநிலத்திலும் தனித் துறை உண்டு. டெக்சாஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரியே கிடையாது. இங்கே பேசப்போவது மத்திய வரியைப் பற்றி மட்டும்.

மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ்

கல்யாண மண்டபம் பிடிக்கும்போது அட்வான்ஸ் கொடுக்கிறோம். கரண்ட் எத்தனை யூனிட் ஓடும், கேஸ் எத்தனை சிலிண்டர் ஆகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. குத்துமதிப்பாக ஒரு தொகைதான். கல்யாணம் முடிந்த மறுநாள் மேனேஜர் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். அட்வான்ஸ் அதிகமாக இருந்தால் மீதியைத் தருவார், குறைந்தால் நம்மிடம் வாங்குவார்.

சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரி இந்த அட்வான்ஸ்தான். இதைப் பிடித்தம் என்போம். எவ்வளவு பிடிக்கலாம் என்று நாம் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் தாள் டபிள்யூ-4. மொத்தம் எவ்வளவு சம்பளம் கொடுத்தோம், எவ்வளவு பிடித்தோம் என்று ஜனவரி 31-க்குள் கம்பெனி நமக்குத் தரும் தாள் டபிள்யூ-2. சம்பளத்திலேயே பிடிக்கும் இந்த முறை, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-ல் சட்டமாக வந்து நிலைத்துவிட்டது.

மறுநாள் மேனேஜர் போடும் கணக்குதான் ரிட்டர்ன். பெரும்பாலானோருக்கு அது 1040 என்ற படிவம். ஏப்ரல் 15-க்குள் அனுப்ப வேண்டும்.

இங்கே இரண்டு தப்பான நம்பிக்கைகள் ஊறிக் கிடக்கின்றன. ஒன்று, "சம்பளத்திலேயே பிடித்துவிட்டார்களே, அப்புறம் எதற்கு ரிட்டர்ன்?" என்பது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக் கணக்கு முடிக்காமலே மண்டபத்தை விட்டுக் கிளம்ப முடியுமா? இன்னொன்று, ரீஃபண்டைப் பரிசாக நினைப்பது. "இந்தத் தடவை எனக்கு 5,000 டாலர் வந்துச்சு" என்று பெருமை அடித்துக்கொள்வார்கள். அது அவர்கள் பணம். ஒரு வருஷம் அரசாங்கத்திடம் வட்டியில்லாமல் கிடந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

அட்வான்ஸ் பிடிக்க ஆள் இல்லாத வருமானமும் உண்டு. வாரக் கடைசியில் பரதநாட்டிய வகுப்பு எடுக்கிறீர்கள், சட்டப்படி வேலை அனுமதியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் செலவு போக 400 டாலர் நின்றாலே ரிட்டர்ன் போட்டாக வேண்டும். சம்பளக்காரர் என்றால் கம்பெனியும் அவரும் பாதிப் பாதியாகச் சுமக்கும் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) தொகை முழுவதும் உங்கள் தலையில் விழும். அது மட்டுமே 15.3 சதவீதம். அட்வான்ஸையும் நீங்களே ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நான்கு தவணையாக அனுப்ப வேண்டும்.

ஏரி நிரம்பினால் அடுத்த ஏரி

"சம்பள உயர்வு வேண்டாம், வரி விகிதத்தில் மேல் வரம்புக்குப் போய்விட்டால் கையில் வருவது குறைந்துவிடும்" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தப் பயம் நம் ஊர் கரண்ட் பில்லில் இருந்து வந்ததோ என்று எனக்கொரு சந்தேகம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப்படியில் இருந்த யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். ஒரு யூனிட் கூடினாலும் பில் துள்ளிக் குதிக்கும்.

அமெரிக்க வருமான வரி அப்படி இல்லை. அதற்குச் சரியான படம் நம் சங்கிலி ஏரிகள். மேல் ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் தண்ணீர் அடுத்த ஏரிக்கு வரும். மேல் ஏரியில் நிற்கிற தண்ணீர் அங்கேயே நிற்கும்.

2024-ஆம் ஆண்டு வருமானத்தையே எடுத்துக்கொள்வோம். தனி ஆள், சம்பளம் 90,000 டாலர். முதல் 14,600 டாலருக்கு வரி இல்லை. எல்லாருக்கும் பொதுவான இந்தக் கழிவுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்று பெயர். மீதி 75,400. அதில் முதல் 11,600 டாலருக்கு 10 சதவீதம், அங்கிருந்து 47,150 வரை 12 சதவீதம், அதற்கு மேல் உள்ள 28,250-க்கு 22 சதவீதம். கூட்டினால் 11,641 டாலர் வருகிறது. "நான் 22 சதவீத வரம்பில் இருக்கிறேன்" என்று சொல்பவர் உண்மையில் கட்டுவது மொத்தச் சம்பளத்தில் 13 சதவீதத்துக்கும் குறைவு. சம்பளம் ஆயிரம் டாலர் கூடினால் அந்த ஆயிரத்துக்கு மட்டும்தான் 220. உயர்வை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கும் எஃப்டிக்குமா வரி?

ஆமாம். நம்மவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இது.

கிரீன் கார்டு இருந்தால் நீங்கள் வரிக்கணக்கில் அமெரிக்கவாசி. விசாவில் இருந்தாலும், இந்த வருஷம் தங்கிய நாட்கள், போன வருஷ நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய வருஷ நாட்களில் ஆறில் ஒரு பங்கு, எல்லாம் சேர்ந்து 183-ஐத் தொட்டால் பொதுவாக நீங்களும் அமெரிக்கவாசிதான். இந்த வருஷம் 31 நாளாவது இருந்திருக்க வேண்டும். எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் வருஷங்கள் இந்தக் கணக்கில் சேராது.

அமெரிக்கவாசி ஆகிவிட்டால் உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அதனால் அமெரிக்காவிலும் இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே அந்த வட்டிக்கு வரி உண்டு. திருச்சியில் வாடகைக்கு விட்ட வீடும் அப்படியே. இந்தியாவில் ஏற்கெனவே வரி கட்டியிருந்தால் அதை இங்கே கழித்துக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் வருமானத்தைக் காட்டிய பிறகுதான் கழிக்க முடியும்.

இதைத் தவிர எஃப்பார் என்று ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கணக்குகளில் உங்களுக்கு உள்ள இருப்பெல்லாம் சேர்ந்து, வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அந்தக் கணக்குகளின் பட்டியலை அனுப்ப வேண்டும். அப்பாவோடு கூட்டாக வைத்திருக்கும் கணக்கும் இதில் சேரும். எஃப்பாரில் வரி எதுவும் கிடையாது, வெறும் தகவல்தான். ஆனால் அனுப்பாமல் விட்டால் அபராதம் கடுமை. இதை ஐஆர்எஸுக்கு அனுப்பும் ரிட்டர்னோடு சேர்க்க முடியாது. ஃபின்சென் என்ற நிதிக்குற்றத் தடுப்பு அமைப்பின் தளத்தில் தனியாகப் போட வேண்டும்.

ஊர் வங்கிக் கணக்கு அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். வெளிநாட்டு வங்கிகள் அமெரிக்கவாசிகளின் கணக்கு விவரத்தைத் தர வேண்டும் என்ற ஃபாட்கா சட்டம் 2010-ல் வந்தது. அதற்கான உடன்பாட்டில் இந்தியா 2015 ஜூலையில் கையெழுத்துப் போட்டது. உங்கள் இந்திய வங்கி ஃபாட்கா படிவத்தில் கையெழுத்து வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? அது இதற்குத்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மாதாமாதம் பிடிப்பது அட்வான்ஸ், ரிட்டர்ன் என்பது கணக்கு முடிப்பது, கணக்கில் உலக வருமானம் முழுவதும் வர வேண்டும். நாம் அனுப்பிய கணக்கை அவர்கள் எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பது அடுத்து.

இரண்டு மொய் நோட்டுகள்

மொய் எழுதும் மேசையைப் பார்த்திருப்பீர்கள். வருபவர் பணத்தைக் கொடுக்க, மேசைக்காரர் ஊர், பேர், தொகை எல்லாம் நோட்டில் எழுதுவார். கொடுத்தவர் வீட்டுக்குப் போய்த் தன் நோட்டிலும் எழுதி வைப்பார். நாளை அவர் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பிச் செய்யும்போது, நம் நோட்டில் 500 என்றும் அவர் நோட்டில் 1,001 என்றும் இருந்தால் என்ன ஆகும்? முதலில் ஒரு விசாரிப்பு வரும். "என்னப்பா, நான் ஆயிரத்து ஒண்ணு செஞ்சேனே!"

ஐஆர்எஸ் செய்வதும் இதுதான். உங்களுக்குப் பணம் கொடுத்த கம்பெனி, வங்கி, புரோக்கர் எல்லாரும் பொதுவாக இரண்டு தாள் எழுதுகிறார்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று ஐஆர்எஸுக்கு. சம்பளம் என்றால் டபிள்யூ-2. மற்றவற்றுக்கு 1099 என்ற எண்ணில் ஒரு குடும்பமே இருக்கிறது: வட்டிக்கு ஒன்று, டிவிடெண்டுக்கு ஒன்று, பங்கு விற்றதற்கு 1099-பி, காண்டிராக்ட் வேலைக்கு 1099-என்இசி. எல்லாவற்றிலும் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கும். கம்ப்யூட்டர் அந்த எண்ணை வைத்து இவற்றையெல்லாம் திரட்டி, நீங்கள் அனுப்பிய 1040-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் கடிதம்.

வீடு மாறியதில் 1099 கைக்கு வராமல் போயிருக்கலாம். வராத தாளுக்குக் கணக்கு காட்ட வேண்டாம் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம், ஏனென்றால் இன்னொரு பிரதி ஐஆர்எஸுக்குப் போயிருக்கும். அவர்கள் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நாமும் பார்க்கலாம். ஐஆர்எஸ் தளத்தில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கினால், வருமான டிரான்ஸ்கிரிப்ட் என்ற பட்டியலில் யார் யார் என்னென்ன எழுதி அனுப்பினார்கள் என்பது வரிவரியாக இருக்கும். இலவசம்.

மொய் நோட்டுக்கு ஒரு குறை உண்டு. வந்த பணத்தை எழுதும். நீங்கள் செய்த செலவு அதற்குத் தெரியாது. ஐஆர்எஸ் கடிதங்களில் பாதிக் குழப்பம் இந்தக் குறையில்தான் பிறக்கிறது.

சிபி 2000: குழுக்களில் ஆடிட் என்று அழைக்கப்படுவது

கடிதத்தின் மேல் அல்லது கீழ் வலது மூலையில் சிபி என்றோ எல்டி என்றோ தொடங்கும் ஓர் எண் இருக்கும். நோட்டுகள் பொருந்தாதபோது வருவது சிபி 2000. இது பில்லும் இல்லை, ஆடிட்டும் இல்லை. "எங்கள் நோட்டில் இப்படி இருக்கிறது, உங்கள் நோட்டில் இல்லை, ஆகவே வரியை இவ்வளவு கூட்டலாம் என்று இருக்கிறோம், என்ன சொல்கிறீர்கள்?" என்ற விசாரிப்பு. ரிட்டர்ன் அனுப்பி ஒரு வருஷம் கழித்தோ அதற்கும் மேலோ வரும் என்பதால் நமக்கே விஷயம் மறந்திருக்கும்.

ஐடி கம்பெனிகளில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு இது வரும் வழக்கமான காரணம் ஆர்எஸ்யூ. அதாவது, சம்பளத்தோடு கம்பெனி தரும் பங்குகள். ஒருவருக்கு 100 பங்குகள், அன்றைய விலை 150 டாலர் வீதம், கைக்கு வந்தன என்று வையுங்கள். அந்த 15,000 டாலரும் சம்பளமாகவே டபிள்யூ-2-ல் ஏறிவிடும், வரியும் பிடித்துவிடுவார்கள். சில நாள் கழித்து அவர் எல்லாவற்றையும் 15,600-க்கு விற்கிறார். உண்மையான லாபம் 600 டாலர்.

புரோக்கர் 1099-பி அனுப்புகிறார். விற்ற தொகை 15,600 என்று அதில் இருக்கும். வாங்கிய விலை இருக்க வேண்டிய இடத்தில் பல நேரம் பூஜ்யமோ வெற்றிடமோதான் இருக்கும். நம் ஆள், "இதுதான் டபிள்யூ-2-லேயே வந்துவிட்டதே" என்று அந்தத் தாளை விட்டுவிடுகிறார். கம்ப்யூட்டருக்கோ 15,600 டாலரும் சுத்த லாபம். 22 சதவீத வரம்பில் இருப்பவருக்கு அது 3,432 டாலர் கூடுதல் வரி. சரியான கணக்குப்படி 600-க்கு 132 டாலர்தான்.

இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தப்பு செய்கிறார்கள். பயந்தவர்கள் 3,432-ஐ அப்படியே கட்டிவிடுகிறார்கள். ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்டியிருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. கோபக்காரர்கள் "இவர்கள் கணக்கே தப்பு" என்று கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கணக்கு தப்புதான், ஆனால் அதை அவர்களுக்கு யார் சொல்வது?

செய்ய வேண்டியது இது. கடிதத்தோடு ஒரு பதில் தாள் இருக்கும். ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை என்று கட்டங்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்பதைக் குறித்து, காரணத்தை அரைப் பக்கத்தில் எழுதி, விற்பனை விவரம் காட்டும் 8949 படிவத்தைச் சரியான வாங்கிய விலையோடு நிரப்பி, புரோக்கர் தந்த கூடுதல் விவரத் தாளையும் டபிள்யூ-2 நகலையும் இணைத்து அனுப்ப வேண்டும். தபாலில் அனுப்பலாம், கடிதத்தில் உள்ள ஃபேக்ஸ் எண்ணுக்கு அனுப்பலாம், அவர்கள் தளத்திலேயே ஏற்றலாம். இதற்காகத் திருத்திய ரிட்டர்ன் போட வேண்டியதில்லை. பொதுவாக 30 நாள் கெடு. போதாது என்றால் போன் பண்ணிக் கேட்டால் நீட்டித் தருவார்கள். போனில் காத்திருக்கும் நேரத்தில் சாம்பாரே வைத்து இறக்கிவிடலாம் என்பது வேறு கதை.

அவர்கள் சொல்வது சரி என்றால் கையெழுத்துப் போட்டுக் கட்டிவிடுங்கள். பாதி சரி, பாதி தப்பு என்றால் அதையும் அப்படியே எழுதலாம்.

பதிலே போடாவிட்டால் அடுத்து வருவது வரிக்குறைவு நோட்டீஸ். இது பதிவுத் தபாலில் வரும் கனமான கடிதம். இதன் தேதியில் இருந்து 90 நாளுக்குள், அமெரிக்காவுக்கு வெளியே உள்ள முகவரிக்கு வந்திருந்தால் 150 நாளுக்குள், வரி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். மனுக் கட்டணம் 60 டாலர். முதலில் வரியைக் கட்டிவிட்டுத்தான் வழக்காட வேண்டும் என்பது இங்கே இல்லை. ஆனால் அந்த நாட்களை ஐஆர்எஸ் அதிகாரியால் நீட்டித் தர முடியாது. போனில் யாரோ "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னாலும் காலண்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

உண்மையான ஆடிட், அதாவது ஓர் அதிகாரி உங்கள் ரிட்டர்னை எடுத்து ரசீது கேட்டுச் சோதிப்பது, தனி நபர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் நடக்கிறது. அதிலும் பெரும்பகுதி தபாலிலேயே முடிந்துவிடும்.

மற்ற எண்கள்

சிபி 12 வந்தால் உங்கள் கூட்டல் கழித்தலை அவர்களே திருத்தியிருக்கிறார்கள், ரீஃபண்ட் தொகை மாறியிருக்கிறது என்று அர்த்தம். சில நேரம் கூடியும் இருக்கும். சிபி 11 என்றால் அதே மாதிரி திருத்தியதில் நீங்கள் பாக்கி தர வேண்டியிருக்கிறது. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் 60 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். சிபி 05 உங்கள் ரீஃபண்டைப் பரிசீலனைக்காக நிறுத்தி வைத்திருப்பதைச் சொல்வது, காத்திருப்பதைத் தவிர செய்ய ஒன்றும் இல்லை. 5071சி என்ற கடிதம் "ரிட்டர்ன் போட்டது நீங்கள்தானா?" என்று கேட்பது. அதை மட்டும் உடனே கவனியுங்கள். உங்கள் பெயரில் வேறொருவன் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டை அடிக்கப் பார்த்திருக்கலாம்.

பணம் கேட்கும் கடிதங்களுக்கு ஒரு படிக்கட்டு உண்டு. முதல் படி சிபி 14: இவ்வளவு பாக்கி, 21 நாளில் கட்டுங்கள். கட்டாவிட்டால் சிபி 501, சிபி 503 என்ற நினைவூட்டல்கள். அப்புறம் சிபி 504: உங்களுக்கு மாநில வரியில் வர வேண்டிய ரீஃபண்டை எடுத்துக்கொள்வோம் என்ற எச்சரிக்கை. உச்சப் படி எல்டி 11. சம்பளத்தையோ வங்கிப் பணத்தையோ எடுப்பதற்கு முன் தரும் கடைசி அறிவிப்பு இது. 30 நாளுக்குள் 12153 என்ற படிவத்தில் விசாரணை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இந்தக் கடிதங்களில் லியன், லெவி என்று இரண்டு சொற்கள் வந்து குழப்பும். லியன் என்றால் உங்கள் சொத்தின் மேல் அரசு உரிமை வைப்பது, நம் ஊரில் சொத்தின் மேல் வில்லங்கம் ஏறுவது போல. லெவி என்றால் எடுத்தே விடுவது, ஜப்தி.

சுருக்கமாக: சிபி 2000 கேள்வி, சிபி 14 பில், எல்டி 11 கடைசி மணி. எண்ணையும், எந்த வருஷத்து ரிட்டர்ன் என்பதையும், பதில் கெடுவையும் பார்த்துவிட்டால் பயத்தில் முக்கால்வாசி இறங்கிவிடும்.

கையில் பணம் இல்லாவிட்டால்

கட்டப் பணம் இல்லை என்பதற்காக ரிட்டர்னையே போடாமல் இருப்பதைப் போல் பெரிய தவறு இந்த விஷயத்தில் வேறில்லை. கணக்கைப் பாருங்கள். பாக்கி 4,000 டாலர். ஐந்து மாதம் தாமதமாக ரிட்டர்ன் போட்டு அப்போது கட்டினால், மாதத்துக்கு 5 சதவீதம் வீதம் 25 சதவீதம், அதாவது 1,000 டாலர் அபராதம். அதே ஆள் ரிட்டர்னை நேரத்தில் அனுப்பிவிட்டுப் பணத்தை மட்டும் ஐந்து மாதம் கழித்துக் கட்டினால், மாதத்துக்கு அரை சதவீதம்தான். மொத்தம் 100 டாலர். வட்டி இரண்டு பேருக்கும் தனி.

ஏப்ரலில் ஒரு மனுப் போட்டால் ரிட்டர்ன் அனுப்ப அக்டோபர் 15 வரை நேரம் கிடைக்கும். எக்ஸ்டென்ஷன் என்று சொல்வது அதைத்தான். அது தாளுக்குத் தரும் அவகாசம், பணத்துக்கு இல்லை. பணம் ஏப்ரல் 15-க்கே போய்ச் சேர வேண்டும்.

மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்குத் தவணை உண்டு. பாக்கி 50,000 டாலருக்குள் இருந்தால் ஆன்லைனிலேயே மாதத் தவணைக்கு விண்ணப்பிக்கலாம். முந்தைய மூன்று வருஷமும் அபராதம் இல்லாமல் ஒழுங்காக இருந்தவர், "முதல் தடவை, மன்னித்துவிடுங்கள்" என்று கேட்டால் தாமத அபராதத்தை நீக்கவும் வழி இருக்கிறது. போன் பண்ணிக்கூடக் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாமலே போகிறது.

கிரீன் கார்டு பயத்துக்கும் ஒரு வார்த்தை. நோட்டீஸ் வந்ததும் பதில் சொல்லிக் கட்டி முடித்ததும் குற்றம் ஆகாது. குடியுரிமை விண்ணப்பத்தில் வரி பாக்கி இருக்கிறதா என்று கேட்பார்கள். தீர்க்காமல் விட்ட பாக்கிதான் அங்கே வந்து நிற்கும்.

போனில் மிரட்டுபவர் ஐஆர்எஸ் இல்லை

ஐஆர்எஸ் முதலில் தொடர்புகொள்வது பொதுவாகத் தபாலில்தான். "அரை மணி நேரத்தில் கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல், இல்லாவிட்டால் போலீஸ் வரும்" என்று எந்த வரி அதிகாரியும் கேட்க மாட்டார். அப்படிக் கேட்டவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? 2016 அக்டோபரில் மும்பைக்குப் பக்கத்தில் மீரா ரோட்டில் இருந்த கால் சென்டர்களுக்குள், தானே என்ற ஊரின் போலீஸ் நுழைந்தது. அமெரிக்கப் பெயரும் உச்சரிப்பும் பழகிக்கொண்டு, ஐஆர்எஸ் என்று சொல்லி அமெரிக்கர்களை மிரட்டிப் பணம் பறித்துக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான ஊழியர்கள் ஒரே இரவில் பிடிபட்டார்கள்.

கடிதத்திலும் போலி உண்டு. சந்தேகமாக இருந்தால் கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் பேசாமல், ஐஆர்எஸ் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். உண்மையான பாக்கி என்றால் அங்கே தெரியும். காசோலை எழுதினால் அமெரிக்கக் கருவூலத்தின் பெயருக்குத்தான் எழுத வேண்டும்.

ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு

வீட்டைக் காலி செய்து, காரை விற்று, கோயம்புத்தூருக்கே வந்து சேர்ந்துவிட்டீர்கள். ஒன்றரை வருஷம் கழித்து, கடைசி வருஷ ரிட்டர்னுக்கு ஒரு சிபி 2000 கிளம்புகிறது. அது நியூ ஜெர்சியில் நீங்கள் இருந்த பழைய அபார்ட்மெண்டுக்குப் போகும். ஐஆர்எஸுக்குத் தெரிந்த கடைசி முகவரிக்கு அனுப்பிவிட்டால் சட்டப்படி அது உங்களுக்கு வந்து சேர்ந்ததாகவே கணக்கு. பின்னாலேயே 90 நாள் நோட்டீஸும் அதே கதவுக்குப் போய்ச் சேர்ந்து, புதிதாகக் குடிவந்தவரின் குப்பைக்கூடையில் கெடு ஓடி முடிந்துவிடும்.

கிளம்புவதற்கு முன் 8822 என்ற முகவரி மாற்றப் படிவத்தை நிரப்பித் தபாலில் போட்டுவிடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ரிட்டர்ன் போட்டிருந்தால் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். கட்டணம் கிடையாது. மாநில வரித்துறைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐஆர்எஸ்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.